ஆட்டிசப் பரிசோதனைக்குப் புறப்படும் முன்: டெல்டா மாவட்டப் பெற்றோருக்கு

என் மகனைப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் தெருக்கோடியில் மினி பஸ் ஹாரன் கேட்டால் எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடிவந்துவிடுவான். "காது நல்லாத்தான் கேக்குது, பிடிவாதம்" என்றார் அவனுடைய அப்பாயி. "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு, ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். எனக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. இரண்டு வயதில் வந்த சந்தேகத்தை மூன்றரை வயதில்தான் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒன்றரை வருஷம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஆட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுவிதமாக இருக்கும் மூளை வளர்ச்சி நிலை, பிள்ளைக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான் தடுமாறிக் கற்றுக்கொண்ட வழியை, இப்போதுதான் புறப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எதைக் கவனிப்பது

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். பேச்சு வருவதற்கு முன்பே வர வேண்டியவை பல உண்டு. ஒரு வயதை ஒட்டிப் பெயர் சொன்னால் திரும்புவது, டாட்டா காட்டுவது, தூக்கச் சொல்லிக் கை நீட்டுவது. 16 மாதத்துக்குள் ஒன்றிரண்டு தனிச் சொற்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்ப்பது. விளம்பரப் பாட்டை முழுதாக ஒப்பிப்பது இதில் சேராது. தனக்கு வேண்டியதைக் கேட்கச் சொல்லைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும்விட ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். வயலில் கொக்கு இறங்கினால் ஒன்றரை வயதுக் குழந்தை விரல் நீட்டிக் காட்டும். உடனே நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். "நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா" என்று கேட்கும் பார்வை அது. என் மகன் விரல் நீட்டியதே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் போய் பிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பான். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சுற்றும் சக்கரத்தையே பார்ப்பது, பொருள்களை வரிசையாக அடுக்குவது, முன்னங்காலில் நடப்பது, கையை உதறுவது, ஒரே வகைச் சாப்பாட்டுக்கு மேல் தொடாதது, திருவிழாவில் தவில் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது என்று இன்னும் பல இருக்கலாம். இவற்றில் ஒன்றிருந்தால் ஆட்டிசம் என்று பொருளில்லை. எதுவுமே கண்ணில் படாமலும் ஆட்டிசம் இருக்கலாம், முக்கியமாகப் பெண் குழந்தைகளிடம். "அமைதியான பிள்ளை" என்ற நல்ல பெயரோடு அவர்கள் பள்ளி வரை போய்விடுகிறார்கள்.

ஒன்றில் மட்டும் ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், காட்டிய டாட்டா மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வேலைக்குப் போனதாலோ, கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, போனைக் கையில் கொடுத்ததாலோ ஆட்டிசம் வந்துவிடவில்லை. மரபணுக்களின் பங்கு பெரிது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தம்பி தங்கைக்குப் போட வேண்டிய ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

இருபது கேள்விகள்

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். இணையத்தில் இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு. 3 முதல் 7 என்றால், இந்தப் பட்டியலை நன்கு தெரிந்த ஒருவர் உங்கள் விடைகளை மறுபடி விளக்கிக் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழுப் பரிசோதனைக்கு. இது சல்லடை மட்டுமே. இதில் மாட்டிய எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்காது; தப்பித்த எல்லாக் குழந்தைக்கும் இல்லாமலும் போகாது. மதிப்பெண் குறைவாக வந்தும் உங்கள் மனம் ஆறவில்லை என்றால், மனம் சொல்வதைக் கேட்டுப் புறப்படுங்கள்.

நோட்டும் வீடியோவும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. குழந்தையைப் பார்த்தும், நம்மைக் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற குழந்தை நம் வீட்டுக் குழந்தை அல்ல. விடியற்காலையில் எழுப்பி, இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் எந்தக் குழந்தையும் அழும், யார் முகத்தையும் பார்க்காது. அதற்கு நேர்மாறாக, புது அறையின் மின்விசிறியில் சொக்கிப்போய் சமர்த்தாக உட்கார்ந்தும் இருக்கும். மருத்துவர் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தை உங்கள் வீட்டின் ஆறு மாதங்களோடு சேர்த்துக்கொடுப்பது உங்கள் வேலை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் பிரசவ விவரம்: எத்தனை மாதத்தில் பிறந்தது, எடை என்ன, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா, வலிப்பு வந்ததுண்டா. தாய் சேய் நலப் புத்தகத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்தில் எப்போது தலை நின்றது, எப்போது தவழ்ந்தது, எப்போது நடந்தது, முதல் சொல் எது. தேதி நினைவில்லை என்றால் நாளும் கிழமையும் நினைவிருக்கும்: "ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்தங்கரையில நடந்தான்", "பொங்கலுக்கு 'மாமா'ன்னு சொன்னான், மாசிக்கு மேல சொல்லல." எங்களுக்கு இந்த முறைதான் கைகொடுத்தது. குடும்பத்தில் யாருக்காவது தாமதப் பேச்சு, வலிப்பு, கற்றல் சிரமம், காது கேளாமை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதையும்.

அதற்குப் பிறகு தினம் இரண்டு வரி. "பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். "வழக்கமாகப் போகும் தெரு விட்டு வேறு தெருவில் போனதும் கீழே படுத்து இருபது நிமிஷம் அழுதான்" என்று எழுதினால் மருத்துவருக்குப் பயன்படும். நல்லதையும் எழுதுங்கள். என் மகன் மூன்று வயதில் பஸ் நம்பர்கள் எல்லாவற்றையும் அடையாளம் காண்பான். அதை நான் எழுதியிருந்ததால்தான் பிறகு எண் வழியாகவே அவனுக்குப் பேச்சைத் தொடங்கினார்கள்.

போனில் ஒரு நிமிஷ வீடியோக்கள் ஐந்தாறு எடுங்கள். தனியாக விளையாடுவது, இன்னொரு குழந்தையோடு இருப்பது, சாப்பிடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்கிறது என்பது, கோபம் வரும்போது எப்படி இருக்கிறது என்பது. குழந்தையை நடிக்கவைக்காதீர்கள். கல்யாணம், காதுகுத்து வீடியோவில் பழைய நாட்களில் குழந்தை எப்படி இருந்தது என்று தெரிந்தால் அதையும் எடுத்துவையுங்கள். சொல் இழந்த குழந்தைக்கு அது பெரிய சாட்சி.

எங்கே போவது

அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லலாம். 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை, "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேளுங்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை அங்கே இலவசம்.

ஆனால் குழு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய் ஓ.பி. சீட்டு எடுத்து, "பிள்ளைக்கு வளர்ச்சிப் பரிசோதனை வேணும், டி.இ.ஐ.சி.க்கு எழுதிக் குடுங்க" என்று கேட்கலாம். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் குழந்தைகள் பிரிவு ராசா மிராசுதார் மருத்துவமனையில். திருவாரூரிலும், நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் அரசு மருத்துவமனைகள். போவதற்கு முன் 104 எண்ணில் கூப்பிட்டு, உங்கள் மாவட்டத்தில் எந்தக் கட்டடம், எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, டாக்டர் இல்லாத நாளில் போய்த் திரும்புவதைப் போல வேறெதுவும் மனசை உடைக்காது.

இங்கே முடிவு தெளிவாகவில்லை என்றால், வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. அவற்றைத் தொடக்கப் புள்ளியாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். வாரா வாரம் போக வேண்டிய பயிற்சி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும்.

தனியாரிடம் போனால், மனநலப் பரிசோதனை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புப் பயிற்றுநர் ஆகியோருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். நாங்கள் முதலில் போன தனியார் மையத்தில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "கடுமையான ஆட்டிசம்" என்று சொன்னார்கள். கையோடு ஒரு வருஷப் பயிற்சிக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். காது கேட்கிறதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு என் கணவர் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று கேட்டார். நல்லவேளை, வைக்கவில்லை.

முதலில் காது

மினி பஸ் ஹாரனுக்கு ஓடிவருகிறான், ஆகவே காது கேட்கிறது என்று நாங்கள் நினைத்தது தவறான கணக்கு. கனமான சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சொலிகள் மட்டும் கேட்காத குறைபாடும் உண்டு. அதனால் பேச்சுத் தாமதம் உள்ள எந்தக் குழந்தைக்கும் முறையான கேட்டல் பரிசோதனை கட்டாயம். பெரா டெஸ்ட் என்பார்கள். தலையில் சின்ன ஒயர்களை ஒட்டிக் காதில் சத்தம் கொடுத்து, மூளை அதை வாங்குகிறதா என்று பதிவு செய்வார்கள். வலிக்காது. ஆனால் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும்.

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் சறுக்குவோம். காலையில் எழுப்பிக் கிளப்பினால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு, டெஸ்ட் நேரத்தில் பளிச்சென்று விழித்திருக்கும். அதனால் முந்தின இரவு நேரம் கழித்துத் தூங்கவையுங்கள், சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் எப்பாடுபட்டாவது விழித்திருக்கச் செய்யுங்கள். தூக்க மருந்து கொடுப்பார்களா, அதற்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். எங்களுக்கு மூன்றாவது தடவையில்தான் முடிந்தது.

அறைக்குள் என்ன நடக்கும்

குழந்தை மருத்துவர் தலைச் சுற்றளவு அளப்பார், தோலில் மச்சம் மாதிரி நிற மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார், தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை எழுதலாம். வலிப்புச் சந்தேகம் இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, எழுதினால் எதற்காக என்று கேளுங்கள்.

பிறகு சைக்காலஜிஸ்ட். பந்து, கட்டைகள், பொம்மை கொடுத்துக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவார். நீங்கள் நடுவில் புகுந்து "சொல்லுடா, வீட்ல சொல்லுவியே" என்று தூண்டக் கூடாது. செய்யாவிட்டால் செய்யவில்லை என்று பதிவாகட்டும். வீட்டில் செய்வதை வீடியோவில் பிறகு காட்டுங்கள். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்க இசா என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. இதில் பல நம் பதில்களிலிருந்துதான் வருகின்றன. வெட்கப்பட்டுக் குறைத்தும் சொல்லாதீர்கள், சான்றிதழ் கிடைக்கும் என்று கூட்டியும் சொல்லாதீர்கள். "சில நேரம்", "எப்பவும்" என்ற இரண்டுக்கும் உள்ள தூரத்தை உங்கள் நோட்டு சொல்லும்.

தன் வேலையைத் தானே செய்யும் திறனை அளக்க வைன்லாண்ட் என்று இன்னொரு பட்டியல் போடுவார்கள். தானே சாப்பிடுகிறதா, சட்டை கழற்றுகிறதா என்பது போன்ற கேள்விகள். நாம் ஊட்டிவிட்டே பழக்கியிருப்போம். "செய்யத் தெரியாது", "நாங்க விட்டதில்ல" இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

முடிவு ஆட்டிசமாகத்தான் வரும் என்றில்லை. பேச்சு மட்டும் தாமதம், எல்லாத் துறையிலும் வளர்ச்சித் தாமதம், அறிவுசார் குறைபாடு, கவனக் குறைவோடு கூடிய அதீதத் துறுதுறுப்பு, காது கேளாமை என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். "இப்போ உறுதியாச் சொல்ல முடியல, ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்பதும் நேர்மையான பதில்தான். அந்த ஆறு மாதமும் பயிற்சி நடக்க வேண்டும். வெறும் காத்திருப்பாக விட்டுவிடக் கூடாது.

ரிப்போர்ட்டும் அட்டையும்

எழுத்து வடிவில் ரிப்போர்ட் வாங்காமல் வராதீர்கள். அதில் எந்த அளவுகோல், எத்தனை மதிப்பெண், என்ன முடிவு, என்ன பயிற்சி, மறுபரிசோதனை எப்போது என்பவை இருக்க வேண்டும். ஐந்து பிரதி எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். சில அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு "புற உலக சிந்தனையற்றோர்" என்று போட்டிருப்பார்கள். முதல் தடவை அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். என் பிள்ளை புற உலகை என்னைவிடக் கூர்ந்து பார்க்கிறவன். அது படிவத்தின் சொல், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எங்கள் பக்கத்தாருக்கு ஒரு எச்சரிக்கை: மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டமானது. ஆதாரில் நாகப்பட்டினம் என்றே இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பம் போடுங்கள். சிறு வயதில் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது; முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு.

அட்டை வாங்கினால் "பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அட்டையை நாம் காட்டினால்தான் யாருக்கும் தெரியும். அது இல்லாமல் போனதால் ஒரு வருஷம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் நாட்களில்

என்ன குறைபாடு என்று உறுதியாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுப் பயிற்சியான ஸ்பீச் தெரபியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் ஆட்டிசம் இல்லாத குழந்தைக்கும் கெடுதல் செய்யாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் உண்டு. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு. அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

பேச்சு வர வேண்டும் என்று சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கொள்ளாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. ஞானசம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை தந்தவள். நானும் போனேன், இப்போதும் போகிறேன். சந்நிதியில் நின்று அழுததில் மனது லேசானது. கோயிலுக்குப் போங்கள், அதே வாரத்தில் ஓ.பி.க்கும் போங்கள். ஆனால் பேச்சு வர நாக்கின் அடிச் சதையை அறுத்துவிடச் சொல்பவரிடமும், பெயர் தெரியாத சூரணம் தருபவரிடமும், மூன்று மாதத்தில் குணம் என்று எழுதித் தருபவரிடமும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். லட்சக்கணக்கில் கேட்கும் ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது.

பரிசோதனை நாளில் முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். நான் தனியாகப் போய்க் கேட்டுவந்து வீட்டில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அவர்தான் தெருவில் எனக்காகப் பேசினார். இரவில் தூக்கம் வராமல், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கிடந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம்.

பரிசோதனை முடிந்து கிளம்பும் முன் மறுபடி வர வேண்டிய தேதியைக் கேட்டு ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி நடவிலோ அறுவடையிலோ விழுந்தால் அப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். போகாமல் விட்டால் அடுத்த முறை கிடைக்க மாதங்கள் ஆகலாம். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, வீட்டில் தினமும் செய்யச் சொன்ன பயிற்சிகளை எழுதுங்கள். செய்த நாளில் ஒரு கோடு, செய்யாத நாளில் ஏன் என்று ஒரு வரி. அடுத்த தடவை தெரபிஸ்ட் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.